கூடம் கோணலாகத்தான் இருந்தது

அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் அண்ணாச்சி வாயைத் திறந்தாலே புலம்பல்தான் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் என் ஆயுசின் பெரும்பகுதி போயிற்று. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள்தான் எங்களுக்கு முக்கியமான வேலை. டிசைன் முடிந்து, பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுத்த பட்டாசுக் கம்பெனிக்காரர், ஓகே சொன்ன ஃபைல்களை எடுத்து, அச்சுக்கான பிளேட் அடிக்கிற பிரிவுக்கு அனுப்பிவைக்கும் அறைக்கு நான் பொறுப்பு. உங்களில் பலர் என்னிடம் எந்த ஷார்ட்கட் முக்கியம், எந்த சாப்ட்வேர் படிக்கலாம் என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் போனிலேயே படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது, ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்கள் வரிசையாகத் தெரியுமே, அந்த ஜன்னலைப் பற்றி.

அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிரிப்பீர்கள். அந்த வரிசையில் ஏதாவது ஒரு பெயரின் மேல் நீலப்பட்டை நிற்கும். பட்டை எந்தப் பெயர்மேல் நிற்கிறதோ அந்த ஃபைல்தான் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் காப்பி செய்வீர்கள், அதைத்தான் அழிப்பீர்கள். மவுஸ் பிடிக்கிறவனுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. பார்த்த இடத்தில் கிளிக் செய்வான், பட்டை அங்கே வந்து நிற்கும். கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவர் நிலைமை வேறு. எந்தக் கீயைத் தட்டினால் பட்டை எங்கே போகும் என்பது கைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த விதியை யாரோ ஒருவர் மாற்றிவிட்டால் இருட்டில் படி இறங்குகிறவனின் கதிதான்.

எங்கள் அறையில் அப்படி ஒருத்தி இருந்தாள். மாரீஸ்வரி என்று பேர். தாயில்பட்டிக்காரி. தாய் தகப்பன் இரண்டு பேரும் பட்டாசு வேலை. இவளும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதே வேலைக்குப் போய், ஒரு விபத்தில் மாட்டிப் பிழைத்து வந்தவள். வலது கை விரல்கள் தீயில் ஒட்டிப்போய் உள்பக்கமாக மடங்கிவிட்டன. கட்டை விரல் மட்டும் தனியாக நின்றது. இடது கை விரல்கள் நன்றாக இருந்தாலும் தோள்பட்டைத் தோல் இழுத்துப் பிடித்திருந்ததால் கையை நீட்டி வீச முடியாது. மேஜைமேல் ஊன்றி வைத்துக்கொண்டால் விரல்கள் பறக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு, எங்கள் ஆபீசுக்கு பில் அடிக்கும் வேலைக்கு வந்தாள். அவள் வேகத்தைப் பார்த்துவிட்டு நான்தான் முதலாளியிடம் கேட்டு என் அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவளால் மவுஸ் பிடிக்க முடியாது. இடது கையில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தோள் வலித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதனால் மவுஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டோம். அவளுக்கு அது தேவையும் படவில்லை. சக்கரம் லேபிள் வேண்டுமென்றால் பேரின் முதல் எழுத்துகளைத் தட்டுவாள். பட்டை நேரே சக்கரத்துக்குத் தாவும். சக்கரத்தில் சின்னது, பெரியது, ஸ்பெஷல், டீலக்ஸ் என்று வரிசையாக இருக்கும். வலது கட்டை விரலால் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு, இடது கையால் கீழ் அம்புக்குறியைத் தட்டுவாள். நாலும் பிடிபடும். காப்பி செய்து பிளேட் ஃபோல்டரில் போட்டுவிட்டு அடுத்த பார்ட்டிக்குப் போய்விடுவாள். நாங்கள் மவுஸை உருட்டித் தேடிக்கொண்டிருப்போம். தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரே போடு என்று அவளைக் கிண்டல் செய்வோம். அவளும் சிரிப்பாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது, அது நீடிக்கும் என்று நம்பியிருந்தேனே என்று.

மவுஸ்காரர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், அதுவும் சொல்கிறேன். எங்கள் டிசைனர் ஒருவன், வெயில்காலத்தில் கை வியர்த்து, மவுஸ் பட்டனை விடாமலே இழுத்துவிட்டான். ஒரு பெரிய கம்பெனியின் முழு ஃபோல்டரும் வேறு ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிட்டது. அவன் இழுத்ததே அவனுக்குத் தெரியாது. மதியம் முழுக்க அத்தனை பேரும் தேடினோம். மிஷின் சும்மா நின்றது. கடைசியில் கிடைத்தபோது முதலாளி அவன் முதுகில் தட்டி, யானைக்கும் அடி சறுக்கும்ப்பா என்றார். அவன் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். விஷயம் அதோடு முடிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் எங்கள் கம்ப்யூட்டர்களில் வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டது. முதலாளியின் மகனை நாங்கள் சின்னவர் என்போம். அவர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, எங்கள் அறையில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைரஸ் வராத வேறு சிஸ்டம் போடச் சொன்னார். செலவும் கிடையாது, பூட்டும் விழாது என்றார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. வந்தது, பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

மாற்றிய அன்று காலையிலேயே மாரீஸ்வரி என்னைக் கூப்பிட்டாள். சக்கரத்தின் முதல் எழுத்துகளைத் தட்டிக் காட்டினாள். பட்டை தாவவில்லை. ஜன்னல் தேட ஆரம்பித்தது. திறந்திருக்கிற ஃபோல்டரில் மட்டுமல்ல, அதற்குள் இருக்கிற ஃபோல்டர், அதற்குள் இருக்கிற ஃபோல்டர் என்று பாதாளம் வரைக்கும் போய்த் தேடி, சக்கரம் என்று பேர் வைத்த அத்தனையையும் கொண்டுவந்து ஒரே வரிசையில் கொட்டியது. உங்களுக்குத் தெரியும், பட்டாசு லேபிளில் பேர் மாறாது. சக்கரம் வருஷா வருஷம் சக்கரம்தான். வருஷமும், விலையும், ஒரு சின்ன முத்திரையும்தான் மாறும். போன வருஷத்து லேபிள்களை ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளேயே வைத்திருப்பது எங்கள் பழக்கம். எல்லா அச்சகத்திலும் அதுதான் பழக்கம். ஆக இந்த வருஷத்துச் சக்கரமும் போன வருஷத்துச் சக்கரமும் ஒரு ஒழுங்கில்லாமல் கலந்து வந்து உட்கார்ந்திருந்தன. எது எங்கிருந்து வந்தது என்பது பேருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, நான் எழுத்தைத் தட்டுனா அது தேடப் போயிருது. நான் ஒண்ணையும் தேடவே இல்ல. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

நான் சர்வீஸ்காரருக்கு போன் செய்தேன். வந்து பார்த்தார். பழையபடி தாவ வைக்க செட்டிங் கிடையாது, இந்த சிஸ்டத்தைச் செய்தவர்களே அது வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள் என்றார். அதே சிஸ்டத்தில் வேறு ஜன்னல் போடலாமே, பழைய மாதிரி தாவுகிற ஜன்னலும் இருக்கிறதாமே என்று நான் விசாரித்து வைத்ததைச் சொன்னேன். போடலாம், ஆனால் எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது சின்னவர் உத்தரவு, சீசன் முடியட்டும் என்றார். சின்னவரிடம் போனேன். மற்றவர்கள் யாரும் குறை சொல்லவில்லையே என்றார். குறை சொல்ல மாட்டார்கள். அவர்கள் மவுஸால் கிளிக் செய்கிறவர்கள். அந்த ஜன்னலில் எழுத்தைத் தட்டிப் பார்த்தவர் எங்கள் அறையிலேயே அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு அவள் எழுத்தைத் தட்டுவதை விட்டுவிட்டு, அம்புக்குறியாலேயே மேலிருந்து கீழே இறங்கி வர ஆரம்பித்தாள். நீளமான ஃபோல்டர்களில் இறங்கிக்கொண்டே இருப்பாள். தோளைப் பிடித்துக்கொள்வாள். அவள் வேகம் போய்விட்டது. மாரீஸ்வரி இப்போதெல்லாம் அசந்து போய்விட்டாள் என்று பிளேட் பிரிவில் பேச்சு வந்தது. நான் எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள். யாருக்கும் புரியவில்லை.

தீபாவளிக்கு லோடு ஏறுகிற சமயம் எப்படி இருக்கும் என்று இனிமேல் பார்ப்பீர்கள். ஒரு மதியம் நாரணாபுரத்துப் பார்ட்டியின் வேன் வாசலில் வந்து நிற்கிறது. பிளேட் பிரிவிலிருந்து ஆள் வந்து தலைக்குமேல் நின்று சக்கரம் சக்கரம் என்று கத்துகிறான். அவள் விரல் பழைய பழக்கத்தில் எழுத்தைத் தட்டிவிட்டது. ஷிப்ட், கீழ் அம்பு, காப்பி. நாலு போக வேண்டிய இடத்தில் நாலு போயிற்று. அதில் ஒன்று போன வருஷத்துடையது. கலர் பார்க்கிறவர் கலரைப் பார்த்தார். படம் அதே படம், கலரும் அதே கலர். வருஷத்தை யார் பார்ப்பது? லேபிள் அடித்து, வெட்டி, பெட்டியில் ஒட்டி, லாரி ஏறி, வெளியூர்க் கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, போன வருஷத்துச் சரக்கை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆற்றாமை இருந்திருக்காது. மாரீஸ்வரிக்கு வேலை கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அவளை நிற்க வைத்துத் திட்டவும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

நான் அவரை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். நீங்களே ஒரு தடவை எழுத்தைத் தட்டிப் பாருங்கள், மவுஸ் தொடாமல் இந்த வருஷத்துச் சக்கரத்தை மட்டும் எடுத்துக் காட்டுங்கள் என்றேன். என்ன நடந்தது என்று முன்னதாகப் பார்க்க வந்த சின்னவர், பக்கத்து கம்ப்யூட்டர் மவுஸைக் கழற்றி இதில் மாட்டி, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். முதலாளி எழுத்தைத் தட்டினார். வரிசை வந்தது. குனிந்து கண்ணாடியைச் சரிசெய்து சாம்பல் எழுத்தைப் படித்தார். படித்துக்கொண்டே இருக்கும்போது அவருடைய வலது கை தானாகப் போய் மவுஸைப் பிடித்தது. சரியான பேரின்மேல் கிளிக் செய்தது. அவர் அதைச் செய்ததே அவருக்குத் தெரியவில்லை.

“இந்தா வந்துருச்சுல்ல. இதுல என்ன கஷ்டம்?” என்றார்.

மவுஸைப் பிடித்துவிட்டீர்களே என்றேன். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம் புரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, நீங்க அந்தப் பிள்ளைக்காகப் பேசுறீக. சரி. ஆனா மத்தவுக எல்லாரும் இதே மிசின்லதான வேலை பாக்காக? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்.”

கூடம் கோணலாகத்தான் இருந்தது. நான் அவர் கண்முன்னே காட்டினேன். நல்ல காலோடு நிற்கிறவனுக்குக் கோணல் தெரியவில்லை. கால் தன்னாலே ஈடுகட்டிக்கொள்கிறது. உங்களிடம் என்ன பாடம் சொல்வது? நெருக்கடியில் பதறாதே, ஆதாரத்தோடு பேசு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நான் பதறவில்லை. ஆதாரத்தைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். நான் தப்பு ஏதாவது செய்திருந்தால் அதை இன்றைக்கு உங்களிடம் சொல்லித் திருத்திக்கொள்ளச் சொல்லலாம். செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை.

மாரீஸ்வரியை லேபிள் கட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். தண்டனையாக இல்லை, நல்ல எண்ணத்தோடுதான். லேபிள்களைத் தட்டி அடுக்கி, சுற்றிக் கட்டுப் போட இரண்டு கையும் வேண்டும். அவள் கட்டுக் கயிற்றைப் பல்லால் இழுத்ததை ஒரு நாள் பார்த்தேன். அந்த வாரமே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். போகும்போது என் அறை வாசலில் வந்து நின்றாள். சாப்பிட்டியா என்று கேட்டேன்.

“மவுஸ் புடிக்கத் தெரியாதவன்னு சொல்லிட்டாக அண்ணாச்சி. முடியாதவன்னாச்சும் சொல்லிருக்கலாம்” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அடுத்த சீசனில் ஒரு நாள் அறையில் ஆள் குறைவு. சின்னவரே உட்கார்ந்து ஃபைல் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் அவருடைய மவுஸ் செத்துவிட்டது. ஒயர் இல்லாத மவுஸ், பேட்டரி தீர்ந்துவிட்டது. மற்ற மவுஸ்களில் ஆட்கள் வேலையாக இருந்தார்கள். சரி என்று கீபோர்டில் எழுத்தைத் தட்டினார். ஜன்னல் பாதாளத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டியது. ஒன்றை எடுத்து அனுப்பினார். நல்லவேளையாக நான் பிளேட்டுக்கு முன்னால் பார்த்துவிட்டேன். போன வருஷத்துப் புஸ்வாணம்.

ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இது என்ன கர்மம் என்று சொல்லிவிட்டு சர்வீஸ்காரருக்கு போன் செய்தார். டீ வந்து, குடித்து, டம்ளரைத் திருப்பி எடுத்துப் போவதற்குள் வேறு ஜன்னல் போட்டாகிவிட்டது. எழுத்தைத் தட்டினால் பட்டை தாவியது. நான் கெஞ்சிக் கேட்டது அதே ஜன்னலைத்தான். சீசன் முடியட்டும் என்று அப்போது சொன்ன அதே சர்வீஸ்காரர்தான், சீசன் நடுவிலேயே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மாரீஸ்வரிக்கு போன் செய்தேன். அவள் தாயில்பட்டிப் பக்கம் மறுபடியும் பட்டாசு வேலைக்கே போயிருந்தாள். காகிதக் குழாய்களைக் கட்டாகக் கட்டி வைத்து, அதன்மேல் வெடிமருந்தைப் பரப்பிக் கையால் தள்ளி நிரப்புகிற வேலை. அதற்கு விரல் வேண்டாம், உள்ளங்கை இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்களாம். நான் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலை மாற்றிவிட்டார்கள், நீ தட்டினால் பட்டை முன்னைப் போலவே தாவும், சின்னவரிடமும் பேசிவிட்டேன், வந்துவிடு என்றேன்.

அவள் கேட்டாள்.

“அண்ணாச்சி, அடுத்தால மறுபடியும் வேற சிஸ்டம் போடுவாகல்ல?”

போடுவார்கள்தான்.

“இங்கன மருந்து மாறாது அண்ணாச்சி. உரசுனா புடிக்கும். உரசாட்டி புடிக்காது. எங்கம்மா காலத்துலயும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். இது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். ஒங்க மிசின் என்ன செய்யும்னு எனக்குத் தெரியல.”

உன் கையைச் சுட்டதும் அந்த மருந்துதானே என்று நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா?

அதற்குப் பின் நான் ஓய்வு பெற்றேன். உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. புது சிஸ்டம் வந்தால், போட்டவரையே அந்த அறையில் ஒரு நாள் மவுஸ் இல்லாமல் உட்கார வையுங்கள். மவுஸை மேஜையில் வைக்காதீர்கள், அடுத்த அறைக்கே கொண்டுபோய்விடுங்கள். மேஜையில் இருந்தால் கை போய்விடும். அப்படிச் செய்தாலும் புரியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. தனக்கு வலித்தால்தான் புரியும். அதற்குள் வலிக்கிறவள் வேலையை விட்டுப் போயிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் ஊரே போனை எடுக்கும். எந்த ஊர், எந்த கம்பெனி, நம்ம ஆட்கள் யார் உள்ளே என்று விசாரிக்கும். நான் மாரீஸ்வரியைக் கூப்பிடுவேன். மணி அடிக்கிற நேரம் முழுக்க வாசலில் நின்று எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எடுத்து, “நாங்க இல்ல அண்ணாச்சி, வேற ஊரு” என்பாள். வைத்துவிடுவாள். வேற ஊரில் வேற யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு நானும் வைத்துவிடுவேன்.

இந்தப் பொங்கலுக்கு, காலையில் குளித்து முடித்து, வாழ்த்துச் சொல்லலாம் என்று அவளுக்கு போன் செய்தேன். அன்றைக்கு எங்கேயும் வேலை கிடையாது. எந்தச் சத்தமும் இல்லை. பின்னால் பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்துவது போனில் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

“நாங்க இல்ல அண்ணாச்சி.”